செயினும் ஸ்ப்ரொக்கட்டும்: கறித்தூள் டிரம் ஒன்றை வைத்து முழுக்கணக்கும்

கடைக்குப் போய் "அரை இஞ்ச் செயின் ஒரு பெட்டி தாங்கோ" என்று கேட்டதுதான் நான் விட்ட பிழை. கொட்டாஞ்சேனையில் ஒரு மில், செத்தல் மிளகாயும் மல்லியும் வறுக்கிற டிரம், பழைய செயின் அறுந்துவிட்டது. ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடுகிற பல்லுச் சக்கரம்) இரண்டும் நல்ல நிலையில் இருந்ததால் செயினை மட்டும் புதிதாகப் போட்டேன். சுற்றவிட்டதும் டக் டக் என்று சத்தம். இறுக்கம் போதாது என்று நினைத்து இன்னும் இறுக்கினேன், சத்தம் கூடியது. கொஞ்ச நேரத்தில் செயின் பல்லின் மேல் ஏறித் தாண்டத் தொடங்கி, டிரம் நின்று நின்று சுற்றி, உள்ளே இருந்த மல்லி அடிப்பக்கம் கருகி, மில் ஐயா ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசியிருந்தால் பரவாயில்லை.

பிறகுதான் வேர்ணியரை எடுத்து அளந்தேன். செயினின் உருளை 8.51 மி.மீ. ஸ்ப்ரொக்கட்டோ ஜப்பான் மெஷினோடு வந்தது, 7.9 மி.மீ. உருளைக்காக வெட்டிய பள்ளம். இரண்டுக்கும் பிட்ச், அதாவது ஒரு பின்னில் இருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம், ஒன்றுதான்: 12.7 மி.மீ., அரை இஞ்ச். ஆனால் உருளை பள்ளத்துக்குள் இறங்கி உட்காராமல் விளிம்பில் தொங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. கடைக்காரரில் பிழை இல்லை, நான் கேட்டதைத் தந்தார்.

அதே மில்லுக்குப் பிறகு ஒரு பெரிய டிரம் அடியில் இருந்து செய்தோம். அந்த வேலையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், இலக்கங்களை உங்கள் மெஷினுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், செயின் தேவையா?

மாவரைக்கிற மெஷினில் பெல்ட்தான் சரி, அதை மாற்றப் போகவேண்டாம். வேகம் கூடிய இடத்தில் பெல்ட் சத்தமில்லாமல் ஓடும், எண்ணெய் கேட்காது, மெஷின் சிக்கினால் வழுக்கி மோட்டாரைக் காப்பாற்றும். செயின் வருவது வேகம் குறைந்து இழுவை கூடுகிற இடத்துக்கு: கியர் பொக்ஸுக்குப் பின்னால், டிரம், கன்வேயர், மாவு குழைக்கிற மெஷின் மாதிரி. செயின் வழுக்காது, அதனால் பல்லுக் கணக்கில் என்ன வேகம் வரவேண்டுமோ அது அப்படியே வரும். எண்ணெய் ஒழுங்காக இருந்தால் கொடுத்த சக்தியில் 98 சதவீதம் மறுபக்கம் போய்ச் சேரும்.

வழுக்காது என்பதே அதன் ஆபத்தும். டிரம்முக்குள் ஏதாவது சிக்கினால் செயின் விட்டுக்கொடுக்காது, அடுத்துப் பலவீனமானது எதுவோ அது உடையும், பெரும்பாலும் கியர் பொக்ஸ். சிக்கக்கூடிய மெஷின் என்றால் அறுந்துபோகிற மாதிரி ஒரு மெல்லிய பின்னை ஸ்ப்ரொக்கட் ஹப்பில் போடுங்கள், பின் மலிவு.

செயினில் அடித்திருக்கும் இலக்கம்

இன்றைக்கு நாங்கள் பாவிக்கிற உருளைச் செயினை 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை எடுத்தவர் ஹான்ஸ் ரெனோல்ட், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். லிங்க்குகளை இணைக்கிற பின்னைச் சுற்றி ஒரு புஷ் (சின்னக் குழாய்), புஷ்ஷைச் சுற்றி ஒரு உருளை. பல்லில் படுவது உருளை, அது உருள்வதால் பல் தேய்வது குறைகிறது. மடியும்போது உரசுவது உள்ளே இருக்கிற பின்னும் புஷ்ஷும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் விடுகிற இடத்தில் திரும்ப வரும்.

பிரித்தானிய அளவில் ஒரு குடும்பம் வளர்ந்தது, அமெரிக்க அளவில் இன்னொன்று. முதலாவதுதான் பி வரிசை: 06பி, 08பி, 10பி, 12பி. இரண்டாவது ஏ வரிசை, அதையே 40, 50, 60 என்றும் எழுதுவார்கள். ஐரோப்பிய மெஷின்களில் பி, ஜப்பான் மெஷின்களில் 40, 50 என்று எதிர்பார்க்கலாம். எங்கள் ஊரில் இரண்டு பக்கத்து மெஷின்களும் பழசாக வந்து இறங்குவதால் இரண்டும் ஒரே கராச்சில் கலந்து கிடக்கும்.

வாசிக்கிற விதம் சுலபம். 40 என்றால் முதல் இலக்கம் பிட்ச், எட்டில் எத்தனை பங்கு இஞ்ச் என்று: 4/8, அதாவது அரை இஞ்ச். 50 என்றால் 5/8, 15.875 மி.மீ. 80 என்றால் ஒரு முழு இஞ்ச். பி வரிசையில் பதினாறில் எத்தனை பங்கு: 08பி என்றால் 8/16, 10பி என்றால் 10/16. மோட்டார் சைக்கிள் செயினிலும் முதல் இலக்கம் பிட்ச்தான், 428இன் 4 அரை இஞ்ச், 520இன் 5 என்றால் 5/8.

இப்போது சிக்கல் தெரிகிறதா? லுமாலா சைக்கிளின் செயின், 420, 428, 40, 08பி, எல்லாமே அரை இஞ்ச் பிட்ச். எட்டடி தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆகவே மூன்று அளவு வேண்டும்: பிட்ச், உருளையின் விட்டம், உள் தகடுகளுக்கு நடுவே உள்ள அகலம். 40க்கு உருளை 7.9, அகலம் 7.85. 08பிக்கு உருளை 8.51, அகலம் 7.75. பழைய செயினை அளக்கும்போது ஒரு பிட்சை அளக்காதீர்கள், பத்துப் பிட்சை அளந்து பத்தால் வகுங்கள், அப்போதும் தேய்ந்த செயின் கொஞ்சம் கூடக் காட்டும். தகட்டில் அடித்திருக்கும் இலக்கத்தை மண்ணெண்ணெய்யில் துடைத்துப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

பஞ்சிகாவத்தையில் தேடினால் பழைய ஸ்ப்ரொக்கட் கிடைக்கும், பழைய சோனகத் தெருப் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் புதிதை விசாரிக்கலாம். எங்கே போனாலும் பழைய செயினில் நாலு லிங்க்கைக் கையில் கொண்டு போங்கள். கொழுத்த மத்தியான வெயிலில் இரண்டாம் முறை போகிற வேலை மிச்சம்.

கணக்கு: மோட்டாரைப் பார்த்துச் செயின் எடுக்கக்கூடாது

எங்கள் டிரம்முக்கு ஒரு குதிரைவலு மோட்டார், 0.75 கிலோவாட். நாலு காந்த முனை (போல்) உள்ள மோட்டார், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் சுமார் 1440 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. அதில் 20க்கு 1 கியர் பொக்ஸ், வெளியே வருவது 72. டிரம்முக்கு 32 அளவில் வேண்டும். சிறிய ஸ்ப்ரொக்கட் 17 பல், பெரியது 38 பல்: 72 × 17 ÷ 38, கிட்டத்தட்ட 32. சரி.

ஏன் 17? பல் குறைந்தால் செயின் வட்டமாகப் போகாது, பல்கோணமாகப் போகும், ஒவ்வொரு லிங்க்கும் ஏறும்போது வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். 11 பல்லில் அந்த ஏற்ற இறக்கம் 4 சதவீதம், 17இல் 1.7 சதவீதம், 25இல் 0.8. அதனால் 17க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, அதுவும் ஒற்றைப்படையாக இருந்தால் லிங்க் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது ஒரே பல்லில் ஒரே உருளை அடிக்கடி விழாது, தேய்மானம் பரவும். ஒரே கட்டத்தில் 7க்கு 1ஐ விடக் கூடுதலாகக் குறைக்கவும் பார்க்காதீர்கள், சிறிய ஸ்ப்ரொக்கட்டைச் செயின் குறைந்தது 120 பாகை சுற்றிப் பிடிக்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான இடம். "ஒரு குதிரைவலு தானே, அரை இஞ்ச் செயின் தாராளம்" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். 17 பல், 12.7 மி.மீ. பிட்ச், 72 ஆர்.பி.எம். மூன்றையும் பெருக்கி 60,000ஆல் வகுத்தால் செயின் வேகம் செக்கனுக்கு 0.26 மீட்டர். சக்தியை வேகத்தால் வகுத்தால் இழுவை: 750 வாட்டை 0.26ஆல் வகுக்க ஏறக்குறைய 2900 நியூட்டன். அதாவது 295 கிலோவைத் தொங்கவிட்டது போல. இதே ஸ்ப்ரொக்கட்டை கியர் பொக்ஸுக்கு முன்னால், மோட்டார் ஷாஃப்டிலேயே போட்டிருந்தால் இழுவை 15 கிலோ அளவுதான். மோட்டார் ஒன்றுதான், செயின் நிற்கிற இடம் மாறியதில் இருபது மடங்கு.

08பி செயினின் அறுபடும் பலம் குறைந்தது 17.8 கிலோ நியூட்டன். 2.9ஆல் வகுத்தால் ஆறு மடங்குதான். கேட்கத் தாராளம் மாதிரி இருக்கும், ஆனால் செயின் ஒரே இழுவையில் அறுவதில்லை, லட்சக்கணக்கான தரம் இழுபட்டுத் தகடு களைத்துத்தான் அறும். ஏழுக்கும் பத்துக்கும் இடையில் இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும். 10பிக்குப் போனோம்: பிட்ச் 15.875, வேகம் 0.32 மீட்டர், இழுவை 2320 நியூட்டன், அறுபடும் பலம் 22.2 கிலோ நியூட்டன், ஒன்பதரை மடங்கு. பிட்ச் கூடினால் ஸ்ப்ரொக்கட்டும் பெரிதாகும், அதனால் இழுவை குறைகிறது, பலமும் கூடுகிறது, இரட்டை இலாபம். வேகம் கூடிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள், பெரிய பிட்ச் அங்கே சத்தம் போடும், அங்கே சின்னப் பிட்சில் இரட்டைச் செயின் போடலாம்.

நீளம்

இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள தூரம் பிட்சைப் போல 30 முதல் 50 மடங்கு இருந்தால் நல்லது. எங்கள் ஃப்ரேமில் 600 மி.மீ. கிடைத்தது, 15.875ஆல் வகுக்க 37.8 பிட்ச்.

இதை இரண்டால் பெருக்குங்கள்: 75.6. இரண்டு ஸ்ப்ரொக்கட்டின் பற்களையும் கூட்டிப் பாதி எடுங்கள்: 27.5. பற்களின் வித்தியாசம் 21, அதை 6.28ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, 37.8ஆல் வகுங்கள்: 0.3. மூன்றையும் கூட்ட 103.4. இரட்டைப்படைக்கு உயர்த்தி 104 லிங்க். அப்போது நடுத் தூரம் 600 இல்லை, 605 ஆகும். அதனால்தான் மோட்டார் தட்டில் துளைக்குப் பதிலாக நீளமான வெட்டு விடச் சொல்வது.

ஒற்றைப்படை வந்தால் அரை லிங்க் போடலாம் என்று கடையில் சொல்வார்கள். வளைந்த தகடு, அங்கேதான் முதலில் களைக்கும். ஷாஃப்டைத் தள்ள வழியே இல்லை என்றால் ஒழிய வேண்டாம். பத்தடிப் பெட்டியில் 10பி என்றால் 192 பிட்ச் இருக்கும், 104 போக 88 மிச்சம், அதை எண்ணெய் பூசிச் சுருட்டி வையுங்கள், லிங்க் தேவைப்படும்.

பொருத்துவது

புது ஸ்ப்ரொக்கட் சின்னத் துளையோடு வரும், லேத் பாஸிடம் (கடைசல் வேலை செய்பவர்) கொடுத்து உங்கள் ஷாஃப்டுக்குப் பெருப்பித்துக் கீ வெட்டு எடுக்க வேண்டும், கீ என்பது ஷாஃப்டையும் ஸ்ப்ரொக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கட்டை. 25 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 மி.மீ. அகலக் கீ. அலன் ஸ்க்ரூவை மட்டும் நம்பி ஓட்டுகிற மெஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு மாதத்தில் ஷாஃப்டைச் சுற்றி வளையமாகக் கீறிவைக்கும், பிறகு ஸ்ப்ரொக்கட்டைக் கழற்றவே முடியாது. ஸ்க்ரூ பக்கவாட்டில் நகராமல் பிடிக்க, சுற்றுகிற இழுவை கீயில்.

ஸ்ப்ரொக்கட்டை பெயரிங்குக்கு எவ்வளவு கிட்ட வைக்கமுடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். 236 கிலோ இழுவை ஷாஃப்டின் நுனியில் தொங்கினால் ஷாஃப்ட் வளையும், பெயரிங் முதலில் அழும்.

நேராக்குவதில் அவசரப்படக்கூடாது. முதலில் இரண்டு ஷாஃப்டும் மட்டமா, பிறகு ஒன்றுக்கொன்று சமாந்தரமா: இரு முனையிலும் தூரத்தை அளந்து பாருங்கள், 300க்கு 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. அப்புறம் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை இரண்டு ஸ்ப்ரொக்கட்டின் முகத்திலும் சேர்த்துப் பிடியுங்கள், சட்டம் இல்லாவிட்டால் இழுத்துக் கட்டிய நூல். ஒரு மீட்டருக்குக் குறைந்த தூரத்துக்கு விலகல் ஒரு மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நேராக இல்லாத செயின் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்: உள் தகட்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசியிருக்கும், ஸ்ப்ரொக்கட்டின் பல்லிலும் அதே பக்கம்.

செயினை வெட்ட, பின்னின் தலையைக் கிரைண்டரில் தேய்த்துப் பின்னைத் தட்டி எடுங்கள், செயின் கட்டர் இருந்தால் இன்னும் நல்லது. காஸில் சூடாக்கி வெட்டவே கூடாது, பக்கத்து லிங்க்கின் பதம் போய்விடும். இரண்டு முனையையும் பெரிய ஸ்ப்ரொக்கட்டின் பல்லில் மாட்டி அங்கேயே செயின் லொக்கை (இரண்டு முனையையும் சேர்க்கிற, கிளிப் போட்ட லிங்க்) போட்டால் பல்லே பிடித்துத் தரும், மூன்றாவது கை தேவையில்லை. லொக்கின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசைக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் எங்காவது தட்டுப்பட்டு கிளிப் கழன்று பறக்கும், நான் ஒன்றை டிரம்முக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் தேடியிருக்கிறேன், மிளகாய்த்தூளுக்குள்.

படுக்கையாக ஓடுகிற செயினில் தளர்ந்த பக்கம் கீழே வரும்படி மோட்டாரின் திசையைப் பாருங்கள். மேலே தளர்ந்தால், தேயத் தேயத் தொங்கி கீழ்ப்பக்கத்தில் உரசும், சின்ன ஸ்ப்ரொக்கட்டில் இருந்து விலகவும் மறுக்கும்.

இறுக்கம்: மேல் பக்கத்தை இழுபட வைத்து, கீழ்ப் பக்கத்தின் நடுவைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். மொத்த அசைவு, அமைதியாக ஓடுகிற மெஷினில் நடுத் தூரத்தின் 4 சதவீதம், குலுக்கலாக ஓடுவதில் 2 சதவீதம். எங்கள் 605க்கு 12 முதல் 24 மி.மீ., நான் 20இல் விட்டேன். பெல்ட்டைப் பழகியவர்கள் செயினையும் வீணைத் தந்தி மாதிரி இறுக்குவார்கள். செயினுக்கு அந்த இறுக்கம் எந்த வேலைக்கும் உதவாது, பின்னையும் பெயரிங்கையும் தின்னும், அவ்வளவுதான். ஸ்ப்ரொக்கட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் துளை நடுவில் எடுபடவில்லை, லேத் பாஸிடம் திரும்பப் போகவேண்டியதுதான்.

நடுத் தூரத்தை மாற்ற வழியில்லாவிட்டால் தளர்ந்த பக்கத்தில் ஒரு ஐட்லர் ஸ்ப்ரொக்கட் (தளர்வை எடுக்க மட்டும் சும்மா சுற்றுவது), அதிலும் குறைந்தது மூன்று பல்லாவது பிடிக்க வேண்டும்.

மூடி இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். 32 ஆர்.பி.எம். மெதுவாகத் தெரியும், ஆனால் சாரத்தின் நுனியோ சேலைத் தலைப்போ பல்லுக்கும் செயினுக்கும் இடையில் போனால் மெதுவாகவே உள்ளே இழுக்கும், நிற்காது. எண்ணெய் விடுவதென்றாலும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான். ஓடுகிற செயினைத் துணியால் துடைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதில் விரல் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

எண்ணெய்

கிறீஸ் பூசாதீர்கள். வெளியே கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் ஒரு சொட்டுப் போகாது, போதாததற்குத் தூசியைப் பிடித்து வைத்திருக்கும். எங்கள் வெப்பத்துக்கு எஸ்.ஏ.இ. 30 எண்ணெய் சரி, டிரம்மின் சூடு செயினில் நன்றாகப் படுகிறது என்றால் 40. விடவேண்டிய இடம் உருளையின் நடு இல்லை. உள் தகடும் வெளித் தகடும் தொடுகிற அந்த மெல்லிய கோடு, அதுவும் தளர்ந்த பக்கத்தில், செயினின் உள்முகத்தில். இழுபட்ட பக்கத்தில் தகடுகள் நெருக்கிக்கொண்டிருக்கும், எண்ணெய் இறங்காது. தூரிகையால் ஒரு சுற்று, கையால் டிரம்மைத் திருப்பிக்கொண்டே.

மில்லில் இன்னொரு தொல்லை, தூள் எண்ணெய்யோடு சேர்ந்து சிவப்புச் சம்பல் மாதிரி ஒன்றாகி லிங்க்குகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும். அதன் மேல் புது எண்ணெய் விடுவதில் பயனில்லை. கழற்றி மண்ணெண்ணெய்யில் ஊறப்போட்டு, தூரிகையால் தேய்த்து, காயவிட்டு, பிறகு எண்ணெய்யில் ஒரு இரவு கிடக்கவிடுங்கள். சாப்பாட்டுச் சாமான் என்பதால் செயினுக்குக் கீழே ஒரு தட்டு, டிரம்மின் வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் செயின். வெள்ளவத்தை மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று, நிற்கிற மெஷினுக்கும் எண்ணெய் விடவேண்டும். ஸ்டெயின்லெஸ் செயின் போடலாமே என்பார்கள், போடலாம், ஆனால் தாங்குகிற இழுவை சாதாரணச் செயினை விட நன்றாகக் குறைவு, கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

எப்போது மாற்றுவது

செயின் நீளுகிறது என்கிறோம், உண்மையில் இரும்பு நீளவில்லை, ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்த இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் அந்த நீளம். நீண்ட செயின் பல்லின் மேல்பக்கம் ஏறி உட்காரும். பெரிய ஸ்ப்ரொக்கட்டில் செயினின் நடுவைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், பல்லின் பாதி தெரிந்தால் அளக்கத் தேவையே இல்லை.

அளப்பதென்றால், செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் இடது ஓரத்தில் இருந்து இருபத்தோராவது பின்னின் இடது ஓரம் வரை. 10பியில் புதிதாக இருந்தால் 317.5 மி.மீ. 324 வந்தால் 2 சதவீதம், புதிதை வாங்கி வையுங்கள். 327 என்றால் 3 சதவீதம், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. இரண்டு லிங்க்கை வெட்டிக் குறைத்து ஓட்டுகிற வேலை வேண்டாம், மொத்த நீளம் குறையும், பிட்ச் குறையாது, அது பல்லைத் தின்றுகொண்டே இருக்கும்.

பல் சுறாவின் செட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்ப்ரொக்கட்டும் போயிற்று, புதுச் செயினை அதில் போடாதீர்கள். சிறியது முதலில் தேயும், இரண்டு செயினுக்கு ஒரு தரம் சிறியதை மாற்றினால் பெரியது நெடுநாள் நிற்கும்.

மில் ஐயா மூடியின் உட்பக்கத்தில் மார்க்கரால் "10பி, 104 லிங்க், 17/38" என்று எழுதி, கீழே செயின் போட்ட திகதியையும் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை கடைக்கு என்னை அனுப்பவில்லை, அதைப் படம் எடுத்து மகனிடம் கொடுத்து அனுப்பினார், சரியான செயின்தான் வந்தது.